பிரேக் இல்லாத சைக்கிள்

நாடுகாணியிலிருந்து வழிக்கடவுக்குச் சுரம் இறங்கும் சைக்கிள்காரரின் கை பிரேக்கை விட்டு நகராது. பிரேக்கே இல்லாத சைக்கிளும் உண்டு. அதில் கியர் மாற்ற முடியாது. பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும்; காலுக்கு ஓய்வில்லை. வெலோட்ரோம் என்ற ஓடுதளத்துக்காகவே செய்யப்படும் பந்தய சைக்கிள் அது. டீ ஆறுவதற்குள், அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

ஒலிம்பிக் தளத்தின் ஒரு சுற்று 250 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் வீரருக்கு அங்கே எதிரி காற்றுதான். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. அதை வெல்லக் கால்கள் தர வேண்டிய திறனோ எட்டு மடங்கு. அதனால் ஃப்ரேம் காற்றைக் கிழிக்கும் வடிவில் இருக்க வேண்டும். உலோகக் குழாயில் அது கடினம். கார்பன் நாரில் முடியும்.

ஓர் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான். இழைகளைப் பிசினில் தோய்த்துத் தாளாக்கி, இறுகிவிடாமல் ஃப்ரீசரில் வைக்கிறார்கள். பிறகு துண்டு துண்டாக வெட்டி, அச்சுக்குள் கையால் அடுக்குகிறார்கள். உள்ளே ஒரு பையை ஊதி அழுத்தம் கொடுத்துச் சூடேற்றினால் ஃப்ரேம் கெட்டிப்படுகிறது.

சூட்சுமம் அடுக்குவதில்தான். மூங்கிலைப் போலக் கார்பனும் நார் ஓடும் திசையில் இழுத்தால் தாங்கும். பக்கவாட்டில் விசை வந்தால் பிளக்கும். அதனால் முறுக்கைத் தாங்கச் சில அடுக்குகள் 45 டிகிரி சாய்வாக, வளைவைத் தாங்கச் சில நீளவாட்டில் என ஒவ்வொரு துண்டுக்கும் திசை உண்டு.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மேன் தங்கம் வென்ற லோட்டஸ் சைக்கிள், குழாய்களே இல்லாத ஒரே வார்ப்பு. அதற்கு அடிப்படை மைக் பரோஸ் என்பவரின் வடிவமைப்பு. பின்னர் வந்த விதிகள் அத்தகைய ஃப்ரேம்களைத் தடுத்து, பழைய முக்கோண வடிவத்தையே கட்டாயமாக்கின. வடிவமைப்பாளர்கள் சோர்ந்துவிடவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணி ஓட்டிய சைக்கிளில் முன்ஃபோர்க்கை அகலமாக விரித்து, வீரரின் கால்களுக்கு நேராகக் காற்று பிரிந்து போகும்படி செய்தார்கள். அந்த ஃப்ரேம் உருவானது பார்னோல்ட்ஸ்விக் என்ற சிற்றூரில், ஹோப் நிறுவனத்தின் பட்டறையில்!

நம்மிடம் என்ன குறை? அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. அச்சு வெட்டக் கோவையில் தேர்ந்த கைகள் உண்டு. வீரர்களும் உண்டு: 2019-இல் ஜெர்மனியில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் எசோ ஆல்பன், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் மூவரும் அணி ஸ்பிரிண்டில் தங்கம் வென்றார்கள்.

கார்பன் ஃப்ரேம் மந்திரமல்ல. கணக்கும் கைப்பழக்கமும் சேர்ந்த தொழில். நம் பாலிடெக்னிக்குகளில் அதைக் கற்றுக்கொடுங்கள். நம் பிள்ளைகள் ஏறி ஓட்டும் ஃப்ரேமை நாமே வார்க்க முடியும்.