புது மண்ணில் ஒரு வானொலி

ஓர் ஊரை இடம்பெயர்த்து இன்னோர் இடத்தில் வைப்பது பொறியியலாளருக்குக் கைவந்த கலை. வீடு, காணி, வாய்க்கால், பாடசாலை எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்துவிடுவார். ஆனால், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு சுண்டு அரிசி கைமாற்றாகக் கேட்கும் உரிமையை எந்த வரைபடத்தில் குறிப்பது? வாசகர்களே, உங்களில் ஊர்மாறிக் குடியேறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1977ஆம் ஆண்டின் பின்னர் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் புதிய இடங்களுக்குக் கொண்டு சென்றது. விக்டோரியா நீர்த்தேக்கத்தினுள் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. கொத்மலையில் மூழ்கிய கடதொர விகாரையின் சிதைவுகள் கடும் வரட்சிக் காலங்களில் இன்றும் நீருக்கு மேலே தலைகாட்டுகின்றன. குடியேறிய குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுநிலமும் கிடைத்தன. மலைநாட்டுக் குளிரில் வளர்ந்தவர்கள் பலர் உலர் வலயத்து வெயிலையும் மலேரியாவையும் எதிர்கொண்டார்கள். பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒரே வாய்க்காலின் நீரைப் பங்கிட வேண்டியிருந்தது. அயலவரோ முன்பின் தெரியாதவர்.

இந்த மக்களுக்காகத்தான் 1981இல் மகாவலி சமூக வானொலி ஆரம்பமானது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் மகாவலி அதிகார சபையும் யுனெஸ்கோவும் டென்மார்க்கின் டனிடா உதவி நிறுவனமும் அதில் கைகோத்தன.

அவர்கள் கையாண்ட முறைதான் நாம் கவனிக்க வேண்டியது. அதுவரை வானொலி என்றால் கொழும்பில் ஒருவர் பேச, கிராமத்தில் மற்றவர் கேட்பதுதானே! இங்கே தயாரிப்பாளர் குழு ஒலிப்பதிவுக் கருவியுடன் குடியேற்றக் கிராமத்துக்கே சென்று சில நாட்கள் தங்கியது. மக்களோடு பழகியபின் அவர்களையே பேசவும் பாடவும் நடிக்கவும் வைத்துப் பதிவு செய்தது. பயிர்ச்செய்கையும் சுகாதாரமும் மட்டுமல்ல, அதிகாரிகள் மீதான முறைப்பாடுகளும் அந்த நாடாக்களில் ஏறின. வாய்க்காலின் கடைசியில் காணி பெற்றவருக்கு நீர் வந்து சேராத கதையை அதிகாரியின் மேசைக்கு ஒரு கடிதம் கொண்டு செல்வதற்கும், அவரது சொந்தக் குரல் கொண்டு செல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! மாலையில் முற்றத்தில் நடக்கும் பாட்டிலும் நாடகத்திலும் சேர்ந்தவர்கள் மறுநாள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கிவிடுவார்கள் அல்லவா? என் எண்ணத்தில், எந்த விவசாய ஆலோசனையையும்விட இதுதான் பெரிய பயன்.

கிராந்துருகோட்டையிலும், 1989இல் கொத்மலையிலும் உள்ளூர் நிலையங்கள் தோன்றின. கொத்மலை நிலையம் பின்னர் உலகின் கவனத்தையே ஈர்த்தது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் ஆதரவுடன் அங்கே இணைய வசதி வந்தபோது, நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு நிலையத்தார் கணினியில் விடை தேடி, ஆங்கிலத்தில் இருந்ததைச் சிங்களத்தில் ஒலிபரப்பினார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் கணினியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். இந்நிலையங்கள் அரச கூட்டுத்தாபனத்தின் கீழேயே இருந்தன. மக்கள் பேசலாம், ஆனால் எவ்வளவு தூரம் பேசலாம் என்பதை மக்கள் தீர்மானிக்கவில்லை. காணி யாருக்குக் கொடுக்கப்பட்டது, ஏன் கொடுக்கப்பட்டது என்ற அரசியல் கேள்விகளுக்கு அந்த ஒலிவாங்கி எட்டவில்லை. சிங்களமே பிரதானமாக ஒலித்ததால் தமிழ் பேசும் குடும்பங்கள் பெரும்பாலும் கேட்பவர்களாகவே, சில வேளை கேட்காதவர்களாகவே இருந்தார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களுள் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். மார்க்கம் ஒன்று, மொழி ஒன்று. இருந்தும், குடிநீருக்கும் கூலி வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் போட்டி வந்தபோது, இடமளித்தவருக்கும் இடம்பெயர்ந்தவருக்கும் இடையே மனக்கசப்பு முளைத்தது. “அகதி” என்ற சொல் முகாமிலே பிறந்த பிள்ளையையும் தொடர்ந்தது. கற்பிட்டியில் ஒரு தாயும் மன்னாரிலிருந்து வந்த ஒரு தாயும் அதே கிணற்றடிப் பிரச்சினையை வாரம் அரைமணி நேரம் ஒரே ஒலிவாங்கியின் முன் பேசியிருந்தால் என்ன கேட்டிருப்பார்கள்? உங்கள் வீட்டில் அந்த நாட்களைக் கண்ட மூத்தவர்கள் இருந்தால், அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். இப்போது ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது.