கண்ணாடிக்கு வைத்த பரீட்சை!

பி.காம். படித்தவனுக்கு டெலஸ்கோப் எதற்கு என்று கேட்காதீர்கள். எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, குறிப்புகளோடு தருவைகுளத்தில் நண்பன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் வள்ளம் கட்டிக்கொண்டிருந்தார் ஓடாவி அண்ணாச்சி ஒருவர். ஒரு கண்ணை மூடிப் பலகையின் விளிம்போடு பார்ப்பார். "நடுவுல லேசா மேடு இருக்கு" என்பார். என் கண்ணுக்குச் சத்தியமாக ஒன்றும் தெரியவில்லை. இழைப்புளி நாலு தள்ளு தள்ளும்.

ஜவ்வாது மலை காவலூரில் 1986-ல் திறக்கப்பட்ட டெலஸ்கோப்பின் ஆடி 2.34 மீட்டர் அகலம். தேய்த்து மெருகேற்றியது பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம். (அதற்காகப் பாடுபட்ட வைணு பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். அவர் பெயர்தான் அதற்கு.) இந்த மாதிரி ஆடிகளில் தலைமுடி கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மேடு இருந்தாலே தகராறு.

எந்த விரல் தடவி அதைக் கண்டுபிடிக்கும்? 1858-ல் பிரான்ஸ்காரர் ஃபூக்கோ வழி சொன்னார். குழியாடிக்கு எதிரே, அதன் வளைவு மையத்தில், ஊசிமுனை அளவு வெளிச்சம் வையுங்கள். அது ஆடியில் பட்டுத் திரும்பி ஒரு புள்ளியில் கூடும். அந்தப் புள்ளியை ஒரு பிளேடால் மெல்ல மறையுங்கள். வளைவு பிசகாத கோளமென்றால் ஆடி முழுவதும் ஒரே சீராக மங்கும். இல்லையென்றால் மேடும் பள்ளமும் நிழலாக எழுந்து நிற்கும். சாதாரணக் கண்ணாடியில் விரலை வைத்து எடுத்தால், அந்தச் சூட்டில் உப்பிய இடம்கூடத் தெரிந்துவிடும்!

ஆனால் பெரிய டெலஸ்கோப் ஆடி முழுக் கோளமில்லை. ஓரத்துக்குப் போகப் போக வளைவு குறையும். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட நடுவில் ஒரு சோதனைக் கருவி வைக்கவேண்டும். வம்பே அங்குதான்.

1990-ல் வானத்துக்குப் போன ஹப்பிளின் 2.4 மீட்டர் ஆடி அற்புதமாக மெருகேறியிருந்தது. தப்பான வடிவத்தில்! கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. வேறு இரண்டு சோதனைகள் 'தப்பு, தப்பு' என்று காட்டின. அவை அவ்வளவு துல்லியமில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். ட்ரையல் பாலன்ஸ் டேலியாகிவிட்டதே என்று கணக்கை மூடுகிற எங்கள் ஜாதிதான்! 1993 டிசம்பரில் வீரர்கள் மேலே போய், ஈடுகட்டும் கண்ணாடிகள் பொருத்திப் பார்வை தந்தார்கள்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் பேசாமல் அடிமரத்தில் ரசமட்டத்தை வைத்தார். குமிழைப் பார்த்தார். எடுத்து, தலைமாற்றி வைத்து மறுபடி பார்த்தார்.

"எதுக்கு அண்ணாச்சி ரெண்டு தடவை?"

"மரம் கோணலா, மட்டம் கோணலான்னு தெரிய வேண்டாமா? இதுல ஏறி ஆளு கடலுக்குப் போவணும்லா!"

குமிழ் நடுவில்தான் நின்றது.