பிளவக்கலில் ஒரு குட்டி எஞ்சின்

ஆடிப் பூரத் தேர் நிலைக்கு வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையன்று குடும்ப சகிதமாய்ப் பிளவக்கலுக்குப் புறப்பட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கும் ராஜபாளையத்தாருக்கும் பிளவக்கலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர் நேயர்களுக்காகச் சொல்கிறேன். வத்திராயிருப்பைத் தாண்டித் தென்னந் தோப்புகளுக்கு நடுவே மேற்கே போனால், மலையடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள் இருக்கின்றன. பெரியாறு என்றதும் முல்லைப் பெரியாற்றை நினைத்துக் கொள்ள வேண்டாம். அது வேறு, இது வேறு.

அன்று நாங்கள் கொண்டு போன சாமான்களில் முக்கியமானது புளியோதரை அல்ல. தேர்க் கடையில் என் பேரன் வாங்கியிருந்த தகரப் படகுதான். அந்தப் படகை அறியாத தமிழ்க் குழந்தை உண்டா? உள்ளே தீப்பெட்டியில் பாதி அளவு ஒரு தகர டப்பி. அதிலிருந்து பின்புறம் நீரில் அமிழ்ந்திருக்கும் இரண்டு மெல்லிய குழாய்கள். டப்பியின் அடியில் எண்ணெய்த் திரி. குழாயில் தண்ணீர் ஊற்றித் திரியைக் கொளுத்தினால், சற்று நேரத்தில் 'டப் டப்' என்று ஓசையிட்டுக் கொண்டு கிளம்பிவிடும். அணைக்கரையில் காற்று பலமாயிருந்தபடியால், புளியோதரை அடுக்கைக் காலி செய்து தண்ணீர் நிரப்பி, அதில் படகை விட்டோம். வட்டமிட்டு வட்டமிட்டு ஓடிற்று.

"இது எப்படித் தாத்தா ஓடுகிறது?" என்றான் பேரன். அவனுக்குப் பன்னிரண்டு வயது.

"நீராவியால் ஓடுகிறது" என்றேன் கம்பீரமாக.

"நீராவி தண்ணீரை வெளியே தள்ளும், படகு முன்னே போகும். சரி. ஆனால் அதே குழாய் வழியாகத்தானே தண்ணீர் திரும்ப உள்ளே வருகிறது? அப்போது படகு ஏன் பின்னால் போகவில்லை?"

நான் என் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் எஞ்சினீயர். ஆனால் கணினி எஞ்சினீயர். அவர் மலையைப் பார்த்தார். என் மனைவி, "குழந்தைக்கு ஊறுகாய் வையுங்கள்" என்றாள். கேள்வி அத்துடன் முடிந்ததாக நான் நினைத்தேன். அவன் நினைக்கவில்லை.

மறுநாள் அவனை ராஜபாளையத்திலுள்ள என் சிநேகிதரிடம் அழைத்துப் போனேன். 1936-ஆம் ஆண்டில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவ்வூரில் நூற்பாலையைத் தொடங்கிய நாள் முதல், பருத்தி அவ்வூருக்குச் சோறு போட்டு வருகிறது. ஆலை என்றால் நூல் மட்டுமா? யந்திரங்களைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளும் அங்கே பெருகின. அப்படிப்பட்ட கைகளில் இரண்டு என் சிநேகிதருடையவை. ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்புறம் மாட்டுக் கொட்டகையாக இருந்த இடத்தில் பழைய லேத் ஒன்று, துளையிடும் யந்திரம் ஒன்று, வைஸ் பூட்டிய மேஜை ஒன்று வைத்திருக்கிறார். சுவரில் அரங்கள் பெரிதும் சிறிதுமாக வரிசையாய்த் தொங்குகின்றன. அந்த வரிசை கலைந்தால் அவருக்குக் கோபம் வரும்.

பேரனின் கேள்வியைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. "ஊதுகிறபோது வாயிலிருந்து காற்று நேராக ஒரே திசையில் போகிறது. உறிஞ்சுகிறபோது? எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. எரிகிற மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கலாம். உறிஞ்சி அணைக்க முடியுமா? குழாயும் அப்படித்தான். வெளியே போகிற தண்ணீர் படகை உதைக்கிறது. உள்ளே வருகிற தண்ணீர் நாலா பக்கமிருந்தும் சேர்ந்து வருவதால் அந்த அளவு இழுப்பதில்லை" என்றார். 1891-ஆம் ஆண்டில் தாமஸ் பியோ என்பவர் இந்தப் படகுக்குக் காப்புரிமை பெற்றார். நம் திருவிழாக் கடைகளில் அது நம்முடைய பொருளாகவே ஆகிவிட்டது.

"சக்கரம் சுற்றுகிற நிஜ எஞ்சின் நாம் செய்ய முடியுமா?" என்றான் பையன்.

"முடியும். ஆனால் கடையில் வாங்குகிற மாதிரி ஒரு நாளில் வராது" என்றார் சிநேகிதர்.

இங்கிலாந்தில் இது ஒரு பெரிய பொழுதுபோக்கு. 1898-இல் பெர்சிவல் மார்ஷல் என்பவர் லண்டனிலிருந்து மாதிரி எஞ்சின் செய்கிறவர்களுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் வீட்டுப் பின்கட்டில் காலால் மிதிக்கும் லேத் வைத்துக் கொண்டு, ஆள் ஏறி உட்கார்ந்து போகக்கூடிய குட்டி ரயில் எஞ்சின்கள் வரை செய்தார்கள். நமக்கும் லேத் அந்நியமல்ல. 'கடைசல்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே! அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் கடைந்து எடுத்தவைதாம். மரத்தைக் கடைகிற அதே வித்தைதான் பித்தளையிலும். உளியைக் கையால் பிடிப்பதற்குப் பதிலாக யந்திரம் பிடித்துக் கொள்கிறது.

சிநேகிதர் தேர்ந்தெடுத்தது மிக எளிய ஜாதி எஞ்சின். அதில் சிலிண்டரே ஊஞ்சல் போல ஆடும். பிஸ்டன் தண்டு நேராகச் சக்கரத்தின் முளையில் மாட்டியிருக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற, சிலிண்டர் இப்புறமும் அப்புறமும் சாயும். ஒரு புறம் சாயும்போது அதன் துளை நீராவி வரும் துளைக்கு நேரே வரும். மறுபுறம் சாயும்போது வெளியேறும் துளைக்கு நேரே போகும். தனியாகக் கதவு வேண்டாம், வால்வு வேண்டாம். காகிதத்தில் வரைந்து பார்க்கும்போது இதைவிடச் சுலபமான காரியம் உலகில் இல்லை என்று தோன்றும்.

பித்தளைத் துண்டை லேத்தின் சக்கில் பூட்டி, முகத்தைச் சமமாகச் சீவி, நடுவில் துளையிட்டு, பிறகு போரிங் டூலால் உட்புறத்தைப் பன்னிரண்டு மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். டூலின் நுனி சரியாக மைய உயரத்தில் இருக்க வேண்டும். கடைசிச் சீவலில் மயிரிழைதான் எடுக்க வேண்டும். நான் பேனா பிடித்த கையோன். "ஒரு சீவல் நான் எடுக்கிறேனே" என்று ஆசைப்பட்டுக் கைப்பிடியைத் திருப்பினேன். ஒரு கோட்டுக்குப் பதில் நாலு கோடு திரும்பிவிட்டது. பிஸ்டனைப் போட்டால், கிணற்றில் கல் விழுந்த மாதிரி விழுந்தது! இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை பாழ். "ஜேம்ஸ் வாட்டுக்கே இந்தக் கஷ்டம் இருந்தது ஸார், நீங்கள் எம்மாத்திரம்?" என்று சிநேகிதர் தேற்றினார்.

அவர் சொன்னது வெறும் சமாதானமல்ல. வாட் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கருவிகள் செய்தும் பழுது பார்த்தும் வந்த கைவினைஞர். 1763-64-இல், நியூகோமன் எஞ்சினின் மாதிரி ஒன்று அவரிடம் பழுது பார்க்க வந்தது. பெரிய நியூகோமன் எஞ்சின்கள் சுரங்கங்களில் நாள் முழுதும் ஓடிக் கொண்டிருந்தன. இந்தக் குட்டியோ சில அடிகள் அடித்துவிட்டு மூச்சுத் திணறி நின்றுவிடும். ஏன்? அண்டா வெந்நீர் வெகு நேரம் சுடுகிறது. டம்ளர் காபி உடனே ஆறிவிடுகிறது. நீள அகல உயரங்களைப் பாதியாக்கினால் மேற்பரப்பு நாலில் ஒன்றாகக் குறையும்; உள்ளிருக்கும் கொள்ளளவோ எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆகையால் சிறிய சிலிண்டர் தன் அளவுக்கு மீறி வெப்பத்தை இழக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் சிலிண்டரைக் குளிர வைத்துப் பிறகு சூடாக்குவதில் நீராவி வீணாவதை, அந்த விளையாட்டுச் சாமான் வாட்டுக்குக் காட்டிக் கொடுத்தது. நீராவியை வேறொரு பாத்திரத்தில் குளிர வைத்தால் என்ன என்ற எண்ணம் 1765-இல் அவருக்கு உதித்தது.

எண்ணம் உதித்த பிறகும் பத்து வருஷம் போராட்டம். காரணம், ஒழுங்கான வட்டமாகச் சிலிண்டர் குடைய ஆளில்லை! 1774-இல் ஜான் வில்கின்சன் பீரங்கி குடைவதற்குச் செய்த புது யந்திரம்தான் வாட்டைக் காப்பாற்றியது. ஐம்பது அங்குலச் சிலிண்டரில் ஒரு பழைய ஷில்லிங் காசின் தடிப்புக்குமேல் பிழையில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் பெருமை பேசினார். என் பிழை அதைவிடக் குறைவுதான். ஆனால் என் சிலிண்டர் அரை அங்குலம்.

இதற்குள் வீட்டில் வேறு சிக்கல் முளைத்தது. பேரனின் விரல் நகங்களில் எண்ணெய்க் கறுப்பு ஏறிவிட்டதை என் பெண் பார்த்துவிட்டாள். "நன்றாக மார்க்கு வாங்குகிற பையனை இரும்புப் பட்டறைக்கு இழுத்துப் போகிறீர்களே, அப்பா! ஞாயிற்றுக்கிழமை கணக்கு ட்யூஷனை விட்டுவிட்டானாம்" என்றாள். அவள் பேசியதில் அநியாயம் ஏதுமில்லை. ஏட்டுப் படிப்பினாலேயே பிழைத்து வந்த குடும்பம் எங்களுடையது. கை கறுக்காமல் சம்பாதிப்பதையே மூன்று தலைமுறையாக மரியாதை என்று எண்ணி வந்திருக்கிறோம். நானும் என் பெண்ணை அப்படித்தான் வளர்த்தேன்.

பதிலுக்கு நான் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவின் கதையைச் சொன்னேன். 1893-இல் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. அவரையும் பள்ளிக்கூடத்துக்குப் பிடிக்கவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஹோட்டலில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஏறி ஊர் சுற்றினாரா? ஒவ்வொரு மரையாகக் கழற்றிப் பரப்பி, மறுபடி பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1937-இல் டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து இந்நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார்.

"அவர் நாயுடு. இவன் ஆறாம் வகுப்பு" என்றாள் என் பெண். கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது: காலையில் கணக்கு, மாலையில் கடைசல்.

இரண்டாவது சிலிண்டரைப் பையனே குடைந்தான், நான் தொடவில்லை. சிலிண்டரும் தாங்கு பலகையும் உராயும் முகங்களைக் கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய உப்புத்தாள் விரித்துத் தேய்த்தான். நீலம் தடவி ஒட்டிப் பார்ப்பான். நீலம் படாத இடம் பள்ளம். மறுபடி தேய்ப்பான். பரீட்சைத் தாளில் ஓர் அரை மார்க்கு கெஞ்சி வாங்கலாம். பித்தளையிடம் கெஞ்ச முடியாது. புரட்டாசி முழுவதும் இந்தத் தேய்ப்பிலேயே போயிற்று. ஐப்பசியில் ஒரு மழை மாலை, சைக்கிள் பம்பை மாட்டிக் காற்றடித்தோம். சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. விரலால் ஒரு தட்டுத் தட்டினான். 'கிர்ர்' என்று சுழன்றதே பார்க்க வேண்டும்!

ஆனால் காற்றில் ஓடுவது நீராவி எஞ்சின் ஆகுமா? கொதிகலன் வேண்டும். "அது ரொம்பத் தூரமில்லை, அடுப்பங்கரையில் இருக்கிறதே" என்று என் மனைவியின் குக்கரை நான் நோட்டம் விட்டேன். சிநேகிதர் முதல் முறையாகக் கோபித்துக் கொண்டார். ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து ஆவியானால் ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு லிட்டர் இடம் கேட்கும். இடம் கொடுக்காவிட்டால் வீட்டையே கேட்கும். 1679-இல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் எலும்பை வேகவைத்துக் காட்டிய மூடிய பானைதான் நம் குக்கரின் பாட்டன். அதற்கு எடையிட்ட ஆபத்து வால்வை அமைத்தவரும் அவரே. அந்தப் பானையைச் செய்தவர்தான் பிற்பாடு, நீராவியால் பிஸ்டனை நகர்த்தலாம் என்று 1690-இல் எழுதினார்.

எனவே கொதிகலனை முறையாகச் செய்தோம். தடித்த செப்புக் குழாய். இரு முனைகளிலும் செப்புத் தட்டுகள். ஈயப் பற்று உதவாது, வெள்ளிப் பற்று. பிறகு தீ மூட்டாமல், உள்ளே குளிர்ந்த நீரை நிரப்பி, ஓடப்போகும் அழுத்தத்தைப் போல் இரு மடங்குக்குப் பம்பால் ஏற்றி வைத்தோம். நீர் அமுங்காது, ஆகவே பற்று விட்டால் ஒழுகுமே தவிர வெடிக்காது. கால் மணி நேரம் முள் அசையவில்லை. அதன் பிறகுதான் சிநேகிதர் ஸ்பிரிட் விளக்கைக் கையில் கொடுத்தார். எந்தக் குழந்தையும் பெரியவர் துணையின்றி இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பெரிய அளவிலும் இதே சோதனைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் மலைப்பாதையில், பல்சக்கரம் பிடித்து ரயிலைத் தள்ளிக் கொண்டு போன எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. அவை கிழடு தட்டியபோது புதியவை எங்கே வாங்குவது? நீராவி எஞ்சின் செய்த பெரும் பட்டறைகள் உலகில் அநேகமாக மூடப்பட்டுவிட்டன. திருச்சி பொன்மலைப் பட்டறையில் நம்மவர்களே செய்தார்கள்! 2011-ஆம் ஆண்டு அங்கே செய்த புது எஞ்சின், எண்ணெய் எரித்து நீலகிரி ஏறிற்று. அந்தச் செய்தியை நான் பத்திரிகையில் படித்துவிட்டுப் புரட்டியவன்தான். ஒரு பன்னிரண்டு மில்லிமீட்டர் துளையைக் கெடுத்த பிறகுதான் அது எத்தகைய காரியம் என்று உறைத்தது.

காணும் பொங்கலன்று மறுபடி பிளவக்கல் போனோம். மார்கழி மழையில் அணையில் தண்ணீர் நிறைந்திருந்தது. கட்டுச்சாதக் கூட்டம் கரையெல்லாம். சிநேகிதரும் வந்திருந்தார். பையன் வேட்டித் துண்டை விரித்து, அதன்மேல் எஞ்சினை வைத்து, வீட்டிலிருந்து கொண்டு வந்த வடிகட்டிய நீரை அளந்து ஊற்றி, விளக்கைக் கொளுத்தினான். பக்கத்துக் குடும்பங்களிலிருந்து குழந்தைகள் வந்து சூழ்ந்து கொண்டன. ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. "இவ்வளவுதானா?" என்று ஒரு வாண்டு கேட்டது. என் பெண் அந்த வாண்டை முறைத்துப் பார்த்தாள்.

ஆறாவது நிமிஷம் சிலிண்டர் இரண்டு சொட்டு வெந்நீரைத் துப்பிற்று. பையன் சக்கரத்தைத் தட்டினான். மறுபடி துப்பிற்று. மறுபடி தட்டினான். அப்புறம் வெள்ளையாய் ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. சக்கரத்தின் ஆரங்கள் மறைந்து, வெறும் பளபளப்பு மட்டும் தெரிந்தது. நாலு நிமிஷம் ஓடியிருக்கும். மாப்பிள்ளை கைகொட்டினார். என் பெண் ஒன்றும் சொல்லாமல், மகனின் கன்னத்தில் ஒட்டியிருந்த கரியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

பையனோ யாரையும் பார்க்கவில்லை. குனிந்து காதைச் சாய்த்துக் கேட்டுக் கொண்டிருந்தவன், "ஃபிட்டர் தாத்தா, இடது பக்கம் ஆவி கசிகிறது. முகம் இன்னும் சரியாக உட்காரவில்லை" என்றான். விளக்கை அணைத்தான். எஞ்சின் ஆறும் வரையில்கூடப் பொறுக்காமல், பழைய செய்தித்தாளை விரித்து, திருப்புளியைத் தேட ஆரம்பித்துவிட்டான்.