வேதமாணிக்கம்: சபையைத் தாங்கிய ஊழியர்

பாறசாலை, நெய்யாற்றின்கரை, பூவார் பக்கத்துச் சி.எஸ்.ஐ. சபைகள் லண்டன் மிஷன் வழி வந்தவை. அந்த மிஷன் திருவிதாங்கூரில் முதலில் வேர்விட்ட ஊர் மயிலாடி. அதற்குக் காரணமானவர் அவ்வூர்ச் சாம்பவர் குலத்து மகாராசன்.

சிதம்பர யாத்திரை போனவர், தஞ்சாவூரில் மிஷனரி கோலாப்பைச் சந்தித்து 1799-இல் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். அவர் அழைப்பின் பேரில்தான் 1806-இல் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது.

1816-இல் ரிங்கல்தௌபே உடல் நலிந்து நாட்டைவிட்டுப் போனார். புறப்படுமுன் தம் அங்கியை வேதமாணிக்கத்துக்கு அணிவித்துச் சபைகளை ஒப்படைத்தார் என்பது சபை மரபு. 1818-இல் சார்லஸ் மீட் வரும்வரை இங்கே வெளிநாட்டு மிஷனரி எவரும் இல்லை. ஆராதனை நடத்தியது, தாமரைக்குளம், ஈத்தாமொழி என்று சிதறிக் கிடந்த சபைகளைக் கட்டிக்காத்தது எல்லாம் வேதமாணிக்கமே. டீக்கன், அதாவது சபை ஊழியர், என்ற பட்டம் அவருக்கு இல்லை. ஆனால் அந்தப் பணியின் முழுப் பாரமும் அவர் தோளில் இருந்தது. ஆனாலும் மிஷன் வரலாறு வெள்ளைக்காரப் பெயர்களிலேயே தொடங்குகிறது. இந்த ஈராண்டுகள் இல்லையென்றால் மீட் வந்து நடத்த ஒரு சபை இருந்திருக்குமா?

வேதமாணிக்கம் 1827-இல் காலமானார். 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது மயிலாடி தமிழகப் பக்கமும் நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமும் ஆயின. நாகர்கோவில் வழியாகப் போகிறவர்கள் மயிலாடி ஆலயத்தைப் பாருங்கள்: ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் இருவர் பெயரையும் அது தாங்கி நிற்கிறது.