வைக்கோல் சுவரும் பொதுச் சமையலறையும்

வார்டில் காலை ரவுண்டு முடிந்ததும் செவிலியர்களான நாங்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள்?" இடுப்பு ஆபரேஷன் ஆறிவிட்டது, மாத்திரை எழுதியாகிவிட்டது, டாக்டரும் டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டார். எண்பது வயதுப் பெரியவர் மட்டும் பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீடு இருக்கிறது. மூன்று படுக்கையறை, பின்னால் தோட்டம். ஆள்தான் இல்லை. இதற்காகவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாட்கள் கழியும். வெள்ளைக்காரர்களுக்குத்தான் இந்த நிலை என்று முன்பு நினைத்திருந்தோம். இப்போது அந்தக் கட்டில்களில் நம் ஆட்களும் படுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். ஒருவர் ரெடிங்கில், இன்னொருவர் டொரோண்டோவில்.

போன மாதம் வாலிபர் ஐக்கியத்தில் வீடு வாங்குவதைப் பற்றிப் பேச்சு வந்தது. டெபாசிட், வட்டி, முப்பது வருட மார்ட்கேஜ் எல்லாம் பேசினோம். பக்கத்தில் யார் குடியிருப்பார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கிக் கட்டிய ஒரு குடியிருப்பு இந்த நாட்டிலேயே இருக்கிறது.

லீட்ஸ் நகரத்தின் பிராம்லி பகுதியில், பழைய பள்ளிக்கூடம் ஒன்று இருந்த நிலத்தில், 2013-ல் 20 குடும்பங்கள் குடிவந்தன. லைலாக் என்று பெயர். சுவர்கள் செங்கல் அல்ல. கனமான மரச்சட்டங்களுக்குள் வைக்கோல் கட்டுகளை இறுக்கி அடைத்து, சுண்ணாம்புச் சாந்து பூசிய பேனல்கள். அவற்றை அருகில் ஒரு தற்காலிகப் பட்டறையில் செய்து, லாரியில் ஏற்றி வந்து, கிரேனால் தூக்கி வரிசையாக நிறுத்தினார்கள். வைக்கோல் அடைக்கிற வேலையில் குடிவரப்போகிறவர்களும் கைகொடுத்தார்கள்.

"பலகை வீடா? தீப்பிடித்தால்?" என்று நம் வீட்டு அப்பாக்கள் கேட்பார்கள். 2017-ல் கிரென்ஃபெல் கட்டடத்தில் 72 பேர் மாண்ட பிறகு கேட்கவேண்டிய கேள்விதான். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருட்களுக்குத் தடை வந்தது. லைலாக் அவ்வளவு உயரமில்லை. உதிரி வைக்கோல் சட்டென்று பற்றும். நெருக்கி அமுக்கிய கட்டுக்குள் தீக்கு வேண்டிய காற்று குறைவு, மேலே சாந்துப் பூச்சும் இருக்கிறது. கனமான மரமும் வெளிப்புறம் கரியாகி, உள்ளே தீ பரவுவதைத் தாமதப்படுத்தும். இதற்கு மேல், மரமும் வைக்கோலும் வளரும்போது காற்றிலிருந்து இழுத்த கரியமிலத்தின் கரி அந்தச் சுவருக்குள்ளேயே தங்குகிறது. சிமெண்டு அப்படியல்ல, அதைச் செய்யும்போதே ஏராளமான கரியமிலம் வெளியேறுகிறது.

எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வீட்டுக்குள் இருக்கும் காற்று. ராச்டேலில் 2020-ல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வாடகை வீட்டுச் சுவரின் பூஞ்சையால் இறந்தது. 2023-ல் அதற்காகச் சட்டமே திருத்தப்பட்டது. ஹீட்டரைப் போடப் பயந்து, ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு, உள்ளேயே துணி காயப்போடுகிற வீடுகள் நம் சபையிலும் உண்டு. இருமிக்கொண்டே சண்டே ஸ்கூலுக்கு வருகிற பிள்ளைகளைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரியும். லைலாக்கின் தடித்த சுவர் சூட்டை வெளியே விடாது. பழைய காற்றின் சூட்டைப் புதிய காற்றுக்குக் கொடுத்துவிட்டு வெளியேற்றுகிற கருவியும் உண்டு. சுவர் தடிப்பாக இருந்தால் வெளிச்சத்தமும் அடங்கும். நைட் டியூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்த வீடுகளுக்கு நடுவில் பொது வீடு என்று ஒன்று. அதில் பெரிய சமையலறை, சாப்பாட்டுக் கூடம், துணி துவைக்கும் அறை, விருந்தாளி அறை எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தச் சமையலறை உண்டு. ஆனால் வாரத்தில் சில நாள் முறைவைத்துச் சமைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். கார் நிறுத்த இடம் ஓரத்தில்தான். அதனால் நடுவில் பிள்ளைகள் பயமில்லாமல் ஓடலாம். துவைக்கப் போகிற பெரியவரை யாராவது ஒருவர் தினமும் பார்ப்பார்; இரண்டு நாள் காணவில்லையென்றால் கதவைத் தட்டுவார்.

டென்மார்க்கில் பிறந்த யோசனை இது. 1967-ல் போடில் கிரா என்ற பெண், பிள்ளைகளுக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்ற தலைப்பில் பத்திரிகைக் கட்டுரை எழுதினார். 1972-ல் கோபன்ஹேகனுக்கு வடக்கே செட்டடாமன் என்ற முதல் குடியிருப்பு எழுந்தது. திருநெல்வேலிக் குடும்பங்களுக்கு வேறொரு ஊர் நினைவுக்கு வரலாம்: ஊரில் இருக்கவிடாமல் துரத்தப்பட்ட புது விசுவாசிகளுக்காக, தாவீது சுந்தரானந்தம் முயற்சியால் 1799-ல் உண்டான முதலூர்.

பணத்துக்கு வருவோம், பலர் பின்வாங்குகிற இடம் அதுதான். லைலாக்கில் வீடு தனி ஆளின் பெயரில் இல்லை, சங்கத்தின் பெயரில். ஒவ்வொரு குடும்பமும் கைக்கு வரும் வருமானத்தில் 35 சதவீதத்தைக் கட்டுகிறது. செலவு போக மீதி அவர்கள் பங்காகச் சேரும். விலகும்போது எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பங்கின் மதிப்பு வீட்டு விலையோடு பறக்காது, நாட்டின் சராசரிச் சம்பளத்தை ஒட்டித்தான் ஏறும். வாங்கிய வீட்டை இரண்டு மடங்குக்கு விற்ற மாமாவின் கதை இங்கே நடக்காது. அதனால்தான் அடுத்து வருகிற இளம் குடும்பமும் உள்ளே வரமுடிகிறது. எங்களில் இரண்டு பேருக்கு இது பிடித்தது. ஒருவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஊருக்கும் பணம் அனுப்பவேண்டிய அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

இன்னொரு பயம், சேர்ந்திருந்தால் சண்டை வரும் என்பது. வரத்தான் செய்யும். எருசலேம் சபையார் எல்லாவற்றையும் பொதுவாக வைத்து வாழ்ந்ததை அப்போஸ்தலர் 2, 4 அதிகாரங்களில் ஆசையாகப் படிக்கிறோம். 6-ம் அதிகாரத்தைப் புரட்டினால், விதவைகளுக்குச் சாப்பாடு பரிமாறுவதில் முறுமுறுப்பு! அப்போஸ்தலர் உடனே ஏழு பேரை அந்த வேலைக்கு நியமிக்கச் சொன்னார்கள். லைலாக்கிலும் யார் சமைப்பது, யார் தோட்டம் பார்ப்பது என்று முறை உண்டு. எல்லோரும் இசைகிறவரை பேசித்தான் முடிவெடுக்கிறார்கள். கூட்டம் நீளும் என்பது நம் சபைக் கமிட்டியில் உட்கார்ந்தவர்களுக்குப் புதிதல்ல.

நம் சபை ஹாலிலும் இருநூறு பேருக்குப் பிரியாணி செய்கிற அண்டாக்கள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வெளியே வருகின்றன. மற்ற நாட்களில் ஹால் பூட்டியிருக்கிறது. அதே தெருவில் நம் ஆன்ட்டிமார் மூன்று பேர் மூன்று வீட்டில் தனித்தனியாகக் குக்கர் வைக்கிறார்கள். புதன்கிழமை மதியம் திறக்கலாமா என்று போதகரிடம் கேட்டிருக்கிறோம். காப்பீடு, சாவி, பாத்திரம் கழுவுவது யார் என்று மூன்று கேள்வி வந்திருக்கிறது. முதல் இரண்டுக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதற்குப் பெயர் கொடுக்கிறவர்கள் ஆராதனை முடிந்ததும் எங்களைப் பார்க்கலாம்.