முன்னெறிந்த பந்து

அமெரிக்கர் காற்பந்து என வழங்கும் ஆட்டம் பெரும்பாலும் பந்தைக் கையிற் பற்றியோடுவதே. பெயர்ப்பொருத்தம் அவர்க்கே வெளிச்சம்! 1905-ம் ஆண்டில் அதன் நெரிசலிலும் மோதலிலும் மாணாக்கர் பலர் உயிர் துறந்தனர். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கல்லூரியாரை அழைத்துச் சீர்திருத்தம் வேண்டினார். நெரிசல் தளரும்பொருட்டுப் பந்தை முன்னோக்கி எறிதல் 1906-ல் விதியாயிற்று. எறிந்த பந்து எவர் கையும் படாது வீழின் அந்நாளில் எதிரணிக்கு உரியதாயிற்று. ஆதலின் பலர் தயங்கினர். செயிண்ட் லூயிஸ் பயிற்சியாளர் கோக்கெம்ஸோ அதனையே பயிற்றினார். செப்டம்பர் 5-ல் கரோல் கல்லூரியோடு பொருதபோது ராபின்சன் எறிந்த முதற்பந்து வீணாயிற்று. மீண்டும் எறிந்தாரே, அத்துணிவையே யாம் வியக்கின்றோம். அதனை ஷ்னைடர் ஏந்தி எல்லை கடந்தார். அவ்வாண்டு ஆடிய பதினோராட்டத்திலும் அவ்வணியே வென்றது. ஈட்டியவை 407, இழந்தவை 11.