தீம் பார்க் போறோம்... சாப்பாட்டுச் செலவை எப்படிக் குறைக்கலாம்?



பரீட்சை முடிஞ்சு பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சுன்னா வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "அம்மா, எங்களைத் தீம் பார்க் கூட்டிட்டுப் போம்மா!" மதுரைப் பக்கம் இருக்கிற பிள்ளைங்க பரவை அதிசயம் பூங்காவைக் கேட்கும். கோவை, ஈரோடு பக்கம்னா மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். சென்னைப் பக்கம்னா கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் வி.ஜி.பி. கேட்பதில் தப்பே இல்லை. வருஷம் முழுக்க உழைக்கிற குடும்பத்துக்கு ஒரு நாள் சந்தோஷம் வேணும்தானே?

ஆனால் போய்விட்டு வந்த பிறகு கணக்குப் பார்த்தால், "டிக்கெட்டுக்குத் தெரிஞ்சுதான் கொடுத்தோம், சாப்பாட்டுக்குப் போன காசுதான் எங்கே போச்சுன்னே தெரியல" என்று பல உறுப்பினர்கள் சொல்கிறார்கள். டிக்கெட் ஒரே தடவை. சாப்பாடோ காலையில் டீயில் தொடங்கி ராத்திரி பரோட்டாவில்தான் முடிகிறது. திட்டம் போட்டால் குறைக்கக்கூடிய செலவும் இதுதான்.

முதலில் கணக்கு

மாமியார், கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று 5 பேர் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எதையும் கொண்டு போகாமல் கையை வீசிக்கொண்டு போனால் ஏறக்குறைய இப்படி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். விலை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

காலை டிபன், வழியில் ஓட்டலில், ஆளுக்கு 70 ரூபாய்: 350
மதியச் சாப்பாடு, பூங்காவுக்குள், ஆளுக்கு 150 ரூபாய்: 750
டீ, பஜ்ஜி, நொறுக்குத் தீனி, ஆளுக்கு 60 ரூபாய்: 300
பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் இரண்டு: 100
தண்ணீர் பாட்டில் ஐந்து: 100
ராத்திரிச் சாப்பாடு, ஆளுக்கு 80 ரூபாய்: 400

மொத்தம் 2,000 ரூபாய்.

இதையே காலைக்கு வீட்டு இட்லி (பொருள் செலவு 100), மதியம் மட்டும் பூங்காவில் (750), வீட்டு முறுக்கும் கடலையும் பழமும் (100), பிள்ளைகளின் ஐஸ்கிரீம் (100), வீட்டுத் தண்ணீர், ராத்திரிக்குப் புளியோதரை (120) என்று மாற்றினால் 1,170 ரூபாய். மிச்சம் 830. மதியமும் வெளியே வந்து நம்ம சாப்பாட்டைச் சாப்பிட முடிந்தால், 750 போய் 130 ஆகிவிடும். மொத்தச் செலவு 550. மிச்சம் 1,450 ரூபாய்.

இதில் ஐஸ்கிரீமை நாங்கள் வெட்டவில்லை, கவனித்தீர்களா? பிள்ளைகளின் சந்தோஷத்தில் கை வைக்காமலே இவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்.

கிளம்பும் முன் போனில் கேளுங்கள்

பெரும்பாலான பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அங்கே போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. இரண்டு நாள் முன்னாடியே போன் செய்து இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

1. வெளிச் சாப்பாடு, தண்ணீர் பாட்டில் உள்ளே விடுவீர்களா?
2. கைக்குழந்தைக்குக் கஞ்சி, பால், சர்க்கரை வியாதிக்காரருக்கு பிஸ்கட், மருந்து கொண்டு வரலாமா? (மருந்துச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.)
3. மதியம் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போகலாமா?
4. சாப்பாடு சேர்த்த டிக்கெட் உண்டா? சின்னப் பிள்ளைகளுக்கும் அதே விலையா?
5. எத்தனை பேர் வந்தால் குழுச் சலுகை?

மூன்றாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். திரும்ப உள்ளே விடுவார்கள் என்றால் மதியச் சாப்பாட்டையும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். விடமாட்டார்கள் என்றால் மதியம் ஒரு வேளை மட்டும் உள்ளே வாங்குவது, மற்ற இரண்டு வேளை நம்ம கட்டுச்சோறு.

சாப்பாடு சேர்த்த டிக்கெட் என்றவுடன் லாபம் என்று நினைக்க வேண்டாம். சாப்பாடு இல்லாத டிக்கெட்டுக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கழித்துப் பாருங்கள். 4 வயசுப் பிள்ளை ஒரு முழுச் சாப்பாட்டைச் சாப்பிடாது. அதற்கும் சேர்த்துப் பணம் கட்டினால் நஷ்டம்தான்.

எந்த வேளைக்கு எது?

சாப்பாடு கெடுவதற்கு ஈரம், சூடு, கை என்று மூன்று காரணங்கள். அதனால் சீக்கிரம் கெடுவதை முதலில் சாப்பிட வேண்டும், தாங்குவதைக் கடைசிக்கு வைக்க வேண்டும்.

காலைக்கு: இட்லியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், முதலில் ஊசிப்போவது அதுதான். பூங்காவுக்குள் நுழைவதற்கு முன்னால், மரத்தடியிலோ வண்டியிலோ உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். காலையில் நல்லாச் சாப்பிட்ட பிள்ளை உள்ளே போனதும் அதையும் இதையும் கேட்காது.

மதியத்துக்கு: எலுமிச்சைச் சாதம், சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், தயிர்ச் சாதம். தயிர்ச் சாதத்துக்குச் சோற்றைக் குழைத்து, காய்ச்சி ஆறின பாலை நிறைய விட்டு, தயிர் ஒரு கரண்டி மட்டும் சேர்த்துப் பிசையுங்கள். மதியத்துக்குள் அதுவே உறைந்து புளிக்காமல் இருக்கும். மதியத்தைத் தாண்டி வைக்க வேண்டாம்.

ராத்திரிக்கு: புளியோதரைதான். புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து கெடாமல் காக்கும். நம்ம பாட்டிமார் கோயிலுக்கும் திருவிழாவுக்கும் மாட்டு வண்டி கட்டிப் போனபோது இதைத்தான் கட்டிக்கொண்டு போனார்கள். சோற்றை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகுதான் புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் தண்ணீராகி மேலேயே சொட்டும். அங்கிருந்துதான் ஊசல் ஆரம்பிக்கும். ஈரக்கரண்டி, ஈரக்கை படவே கூடாது.

கறிக்குழம்பு, மீன் இதெல்லாம் அன்றைக்கு வேண்டாம். முட்டை அவித்தால் காலையிலேயே தீர்த்துவிடுங்கள். வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் அடுப்படி மாதிரி சூடு ஏறும். வண்டியை நிழலில் நிறுத்தச் சொல்லி, தூக்கை ஈரத்துணியால் சுற்றி, சீட்டுக்கு அடியில் வையுங்கள். திறந்ததும் வாடை மாறியிருந்தால், நூலாகப் பிரிந்தால், தயங்காமல் கொட்டிவிடுங்கள். 120 ரூபாய்ச் சோற்றைக் காப்பாற்றப் போய் ஆஸ்பத்திரிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் டம்ளருக்குத் தடை இருக்கிறது. வாழை இலை, மந்தார இலை, எவர்சில்வர் தட்டு, மஞ்சப்பை இவை போதும். டிரைவர் தம்பிக்கும் ஒரு பங்கு கட்டுங்கள். அவரை மறந்தால் அந்தச் செலவு தனியாக வரும்.

தண்ணீரும் கூல்டிரிங்க்ஸும்

தண்ணீர் விளையாட்டில் உடம்பு நனைந்தே இருப்பதால் தாகம் தெரியாது. ஆனால் வெயிலில் வியர்வையாக நீர் போய்க்கொண்டேதான் இருக்கும். மாலையில் பிள்ளைக்குத் தலைவலி, கிறுகிறுப்பு வருவது பெரும்பாலும் இதனால்தான். உள்ளே போனவுடன் குடிநீர்க் குழாய் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலிப் பாட்டிலைக் கொண்டு போனால் அதில் பிடித்துக்கொள்ளலாம்.

ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீர், தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வயிற்றுப்போக்குக்கு நாம் கொடுக்கும் இதே கரைசல் வெயில் களைப்புக்கும் நல்லது. சர்க்கரையையும் உப்பையும் வீட்டிலேயே அளந்து பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். கூல்டிரிங்க்ஸ் செலவு பாதிக்கு மேல் குறையும்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 'ரயில் நீர்' ஒரு லிட்டர் பாட்டில் 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய். 20 ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மீதியைக் கேட்டு வாங்குங்கள்.

அடித்த விலைக்கு மேல் கேட்டால்?

பாட்டில் தண்ணீர், பிஸ்கட், சிப்ஸ், கப் ஐஸ்கிரீம் எல்லாவற்றிலும் எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கும். கடையில் அதற்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. 'பூங்கா விலை', 'கூலிங் சார்ஜ்' என்றெல்லாம் சொன்னாலும் கொடுக்க வேண்டாம். பில் கேளுங்கள். தர மறுத்தால் கடைப் பெயர், நேரம், பொருளின் போட்டோ எடுத்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். கட்டணம் கிடையாது. நம்ம மாநிலத்தில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை. அங்கேயும் புகார் கொடுக்கலாம்.

ஆனால் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். மேஜை போட்டு உட்காரவைத்துப் பரிமாறும் ஓட்டலில் பாட்டில் தண்ணீருக்குக் கூடுதல் விலை வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதனால் தண்ணீரைக் கடையில் வாங்குங்கள், ஓட்டல் மேஜையில் கேட்காதீர்கள்.

தட்டில் வைத்துத் தரும் சாப்பாட்டுக்கு எம்.ஆர்.பி. கிடையாது. அவர்கள் வைத்ததுதான் விலை. அதனால் உட்கார்ந்த பிறகு விலை கேட்கக் கூடாது. விலைப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று போட்டிருந்தால் அது கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் உறுதி செய்துவிட்டது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். ஜி.எஸ்.டி. வேறு, அது அரசு வரி, கட்டத்தான் வேண்டும்.

பிள்ளைகள் அடம் பிடித்தால்?

உள்ளே பத்தடிக்கு ஒரு கடை. ஒவ்வொன்றுக்கும் "வேண்டாம், வேண்டாம்" என்றால் பிள்ளைக்கும் அழுகை, நமக்கும் எரிச்சல். அதைவிட, காலையிலேயே ஆளுக்கு 50 ரூபாய் கையில் கொடுத்து, "இது உன் காசு. என்ன வேணும்னாலும் வாங்கிக்கோ. தீர்ந்தால் தீர்ந்ததுதான்" என்று சொல்லிவிடுங்கள். தன் காசு என்றால் எந்தப் பிள்ளையும் யோசிக்கும். நாலு கடை பார்த்து ஒன்று வாங்கும். சேமிப்புப் பாடம் அங்கேயே நடந்துவிடும்.

மதியச் சாப்பாட்டை 12 மணிக்கே முடித்தால் கூட்டம் இருக்காது. சாப்பிட்ட கையோடு சுற்றும் ராட்டினத்தில் ஏறவேண்டாம். ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். இல்லையென்றால் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்து, மறுபடி வாங்கித் தர வேண்டியிருக்கும்.

அம்மாவும் சாப்பிட வேண்டும்

இதைச் சொல்லாமல் விட முடியாது. நம்மில் பலர் செலவு குறைக்கிறோம் என்று எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டு, "எனக்குப் பசிக்கல" என்று சொல்லிவிடுகிறோம். மிச்சம் மீதியைச் சாப்பிட்டுக்கொண்டு, பைகளுக்குக் காவல் உட்கார்ந்துவிடுகிறோம். சகோதரிகளே, அம்மா பட்டினி கிடந்து மிச்சமாகும் காசு சேமிப்பு ஆகாது. ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டால் ஐந்து பேரும் சாப்பிட வேண்டும். முதல் நாள் ராத்திரி சமைப்பதிலும் கணவரும் பிள்ளைகளும் கை கொடுக்கட்டும். விடிய விடிய நின்று சமைத்துவிட்டுப் போனால் நமக்கு அது சுற்றுலாவா?

குழுவாகப் போனால் இன்னும் லாபம்

நாலைந்து குடும்பம் சேர்ந்தால் வேன் வாடகை பங்காகும். 20 பேருக்கு மேல் சேர்ந்தால் பல பூங்காக்களில் சலுகை கிடைக்கும். சமையலையும் பிரித்துக்கொள்ளலாம். ஒரு வீடு புளியோதரை, ஒரு வீடு இட்லி, ஒரு வீடு முறுக்கு. உணவுத் தொழில் செய்யும் குழு உங்கள் பஞ்சாயத்தில் இருந்தால் அவர்களிடமே ஆர்டர் கொடுங்கள். நம்ம காசு நம்ம சகோதரிகளுக்கே போகும்.

சென்னைக்குப் போகிறவர்கள் அம்மா உணவகத்தையும் நினைவில் வையுங்கள். 2013-ல் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர்ச் சாதம் 3 ரூபாய் என்று தொடங்கிய அந்த உணவகங்களில் சமைப்பதும் பரிமாறுவதும் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான்.

பணத்துக்கு எங்கே போவது?

சுற்றுலாவுக்குக் கடன் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வெளியே 5 வட்டிக்கு 2,000 ரூபாய் வாங்கினால் மாசம் 100 ரூபாய் வட்டி மட்டும். குழுவில் 1 வட்டி என்றாலும் மாசம் 20. குழுப் பணம் மாட்டுக்கும், தொழிலுக்கும், படிப்புக்கும், வைத்தியத்துக்கும் இருக்கட்டும். ஒரு நாள் சந்தோஷத்துக்கு ஒரு வருஷம் தவணை கட்டினால் அந்தச் சந்தோஷமே கசந்துபோகும்.

அதற்குப் பதிலாக உண்டியல் வையுங்கள். தினம் 5 ரூபாய் போட்டால் வருஷத்துக்கு 1,825 ரூபாய். ஐந்து பேர் குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவு போக, டிக்கெட்டுக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். யார் யார் வருகிறார்கள், யார் என்ன சமைப்பது, பூங்காவுக்குப் போன் செய்வது யார் என்று ஊக்குநர் எழுதி வைக்கட்டும். போய் வந்த பிறகு எவ்வளவு செலவு, எவ்வளவு மிச்சம் என்று உங்கள் கணக்கை நம்ம செய்தி மடலுக்கு எழுதி அனுப்புங்கள். மற்ற குழுக்களுக்கும் அது வழிகாட்டும்.

சந்தோஷமாகப் போய் வாருங்கள்!